கைபேசியில் தோற்றத்தின் விலை என்ன?

ஆப்பிள் நிறுவனம் பெற்ற அமெரிக்க வடிவமைப்புக் காப்புரிமைகளில் ஒன்றின் எண் டி618,677. அதில் இருப்பது பெரும்பாலும் படங்கள்தான்: கறுப்பான தட்டை முன்பக்கம், வளைந்த நான்கு மூலைகள், கண்ணாடிப் பளபளப்பைக் காட்டும் சாய்கோடுகள். முழுக்கோட்டில் வரைந்த பகுதிக்கு மட்டுமே உரிமை. ஹோம் பட்டனை இடைவிட்ட கோட்டில் காட்டியிருப்பதால், அதற்கு உரிமை கோரவில்லை என்று பொருள். பட்டன் வேறாக இருந்தாலும், முகம் ஒத்துப்போனால் மீறல்தான்.

இந்த ஆயுதத்தோடுதான் 2011 ஏப்ரலில் கலிபோர்னியா நீதிமன்றத்தில் சாம்சங் மீது ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. அப்போது ஐபோனுக்குச் சிப் தயாரித்துக் கொடுத்ததும் சாம்சங்தான். 2012 ஆகஸ்டில் ஜூரி சுமார் 105 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

இரண்டு பொருள்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதை யார் முடிவு செய்வது? வெள்ளிக் கரண்டிக் காம்பின் வேலைப்பாடு தொடர்பான வழக்கில், 1871இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடை சொல்லிவிட்டது: நிபுணரின் கண் அல்ல, சாதாரணமாகப் பொருள் வாங்குபவரின் கண்தான் அளவுகோல். 2011 அக்டோபரில் ஆப்பிளின் வழக்கை விசாரித்த நீதிபதி லூசி கோ, ஒரு ஐபேடையும் ஒரு கேலக்ஸி டேபையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, எது உங்களுடையது என்று சாம்சங் வழக்கறிஞரைக் கேட்டார். சுமார் பத்தடி தூரத்தில் நின்றவரால் உடனே சொல்ல முடியவில்லை.

பயன்பாட்டுக்காக அமைந்த அம்சத்தை ஒருவருக்கே எழுதி வைக்கலாமா என்பது அடுத்த சிக்கல். வளைந்த மூலை சட்டைப்பையில் எளிதாக நுழைகிறது. இதைச் சுட்டி, ஐபோனின் தோற்றத்தை வர்த்தக அடையாளமாகக் கருதி ஆப்பிள் கேட்ட பாதுகாப்பை 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. வடிவமைப்புக் காப்புரிமைகளோ தப்பின.

வழக்கின் உண்மையான முடிச்சு பணத்தில் இருந்தது. 1885இல் ஒரு கம்பள வழக்கில், லாபத்தில் வடிவத்தின் பங்கு எவ்வளவு என்று நிரூபிக்க முடியாததால், உச்ச நீதிமன்றம் வெறும் 6 சென்ட் இழப்பீடு கொடுத்தது. வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். 1887இல் வந்த சட்டம், காப்பியடித்தவர் அந்தப் பொருளில் பெற்ற முழு லாபத்தையும் கொடுக்க வேண்டும் என்றது. கம்பளத்துக்கு அது நியாயம். அதன் மேலுள்ள சித்திரத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கைபேசியிலோ புராசசர், ஆன்டெனா, கேமரா, பேட்டரி, மென்பொருள் என எத்தனையோ பேருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது.

2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: அந்தச் சட்டம் சொல்லும் 'பொருள்' என்பது முழுக் கைபேசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம். அந்தப் பாகத்தை எப்படிப் பிரித்தறிவது என்பதற்கு மட்டும் அவர்கள் வழி சொல்லவில்லை. 2018 மே மாதம் புதிய ஜூரி 53.9 கோடி டாலர் விதித்தது. அதில் சுமார் 53.3 கோடி வடிவத்துக்கு. செயல்பாட்டுக் காப்புரிமைகளுக்குச் சுமார் 53 லட்சம் மட்டுமே. அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

வடிவத்தைச் சிந்தித்து உருவாக்கியவருக்குப் பாதுகாப்பு வேண்டும். பார்த்து எழுதுவது திறமையாகாது. ஆனால் தோற்றத்துக்கு முழு லாபத்தையும் அள்ளிக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பொறியியலுக்கு மதிப்பே இல்லை என்றாகிவிடும். ஏழாண்டு வழக்கைத் தாங்க ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் வலுவுண்டு. புதிதாகக் கருவி செய்ய வரும் சிறு நிறுவனத்துக்கு இல்லை. தோற்றத்தின் பங்கைக் கணக்கிடும் தெளிவான விதியை, கம்பளக் காலத்துச் சட்டத்தைத் திருத்தி, அமெரிக்க நாடாளுமன்றமே எழுதித் தர வேண்டும்.