ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

பெங்களூரிலிருந்து 70 கிலோமீட்டர் தூரத்தில் துமகூரு இருக்கிறது. இரண்டு ஊர்களையும் தேசிய நெடுஞ்சாலை 48 இணைக்கிறது. பெங்களூருக்குள் நுழையும் இடத்தில் பீன்யா தொழிற்பேட்டை. அங்கே சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான பட்டறைகள். லேத் ஓட்டுபவர், வெல்டிங் செய்பவர், துணி தைப்பவர் என்று எத்தனையோ பேர் அங்கே வேலை செய்கிறார்கள்.

துமகூருவில் குடியிருக்கும் ஒரு லேத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பீன்யாவில் வாடகை கட்டுப்படியாகாது. வயதான தாயும் ஊரில்தான் இருக்கிறார். அதனால் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். போக 60 கிலோமீட்டர், வர 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை. அப்படியானால் மாதம் 3,000 கிலோமீட்டர்.

அவருடைய வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதத்துக்கு 60 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய். சம்பளம் 20,000 ரூபாய்.

"என்னங்க, வீட்டு வாடகையைவிட ரோட்டு வாடகை கூட இருக்கே!" என்கிறார் மனைவி. அவர் சொல்வது சரிதான். இதே வண்டி லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடினால் 50 லிட்டர் போதும். மாதம் 1,000 ரூபாய் மிஞ்சும். வருடத்துக்கு 12,000 ரூபாய்.

முதலில் ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும். "வண்டி நல்லா மைலேஜ் கொடுக்குது" என்று வாயால் சொன்னால் போதாது. டேங்கை நிரப்புங்கள். கிலோமீட்டர் மீட்டரில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். 18,240 என்று இருக்கட்டும். மூன்று நாள் ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி டேங்கை நிரப்புங்கள். இப்போது மீட்டரில் 18,590. ஓடிய தூரம் 350 கிலோமீட்டர். இரண்டாவது முறை பிடித்த பெட்ரோல் 7 லிட்டர். 350-ஐ 7-ஆல் வகுத்தால் 50. இப்படி நாலைந்து முறை எழுதினால்தான் உண்மை தெரியும். ஒருநாள் எதிர்காற்று அடிக்கும், ஒருநாள் மழை பெய்யும். ஒரே ஒரு கணக்கை நம்ப முடியாது.

பெட்ரோல் எங்கே போகிறது? எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மீதியெல்லாம் சூடாகிப் போய்விடும். ஓடி நின்ற வண்டியின் சைலன்சரைத் தொட்டவர்களுக்கு இது தெரியும். வண்டியை ஓட்ட மிஞ்சுகிற அந்தக் கால் பங்கையும் இரண்டு பேர் தின்கிறார்கள். ஒன்று காற்று. மற்றொன்று சக்கரம்.

நெடுஞ்சாலையில் பெரிய தீனிக்காரன் காற்றுதான். மெதுவாகப் போகும்போது காற்று நமக்குத் தெரிவதில்லை. வேகம் கூடினால் சட்டை படபடக்கிறது, கண்ணில் நீர் வருகிறது. அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டுதான் வண்டி போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் உள்ள எதிர்ப்பைப் போல நான்கு மடங்கு 80-இல் இருக்கும். 55-ஐயும் 80-ஐயும் ஒப்பிட்டாலும் இரண்டு மடங்குக்கு மேல் வரும்.

சிறிய மோட்டார் சைக்கிளுக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் சிக்கனமானது. "அவ்வளவு மெதுவாகப் போனால் வேலைக்கு எப்போது போய்ச் சேருவது?" என்று கேட்கத் தோன்றும். இதையும் கணக்குப் போடலாம். 60 கிலோமீட்டரை 80 வேகத்தில் போனால் 45 நிமிடம். 55 வேகத்தில் போனால் 65 நிமிடம். வித்தியாசம் 20 நிமிடம். ஆனால் 60 கிலோமீட்டரும் 80-இல் போக யாருக்கு வழி கிடைக்கிறது? நெலமங்கலத்தைத் தாண்டினால் நெரிசல்தான். வேகமாக வந்தவரும் மெதுவாக வந்தவரும் ஒரே சிக்னலில் நிற்பார்கள். உண்மையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் கிளம்பினால் போதும்.

மெதுவாகப் போகிறவர் இடது ஓரமாகப் போக வேண்டும். நடுச்சாலையில் 50-இல் போவது ஆபத்து. சிலர் காற்றுப் படாமல் இருக்க லாரியின் பின்னாலேயே ஒட்டிப் போகிறார்கள். பெட்ரோல் மிஞ்சும் என்பது உண்மைதான். லாரி சட்டென்று பிரேக் போட்டால் உயிர் மிஞ்சாது. அந்த வழி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சக்கரம். காற்றுக் குறைந்த டயர் தரையில் பரந்து அமுங்கும். அதை உருட்ட அதிக பலம் வேண்டும். அரைகுறையாகக் காற்றிருக்கும் சைக்கிளை மிதித்துப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. பல 100 சி.சி. வண்டிகளில் ஒருவர் மட்டும் போனால் முன் டயரில் 25, பின் டயரில் 28 அளவு காற்று இருக்க வேண்டும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயரில் இன்னும் கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். வாரம் ஒருமுறை காலையில் கிளம்பியதும் பக்கத்துப் பங்கில் பிடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுகியிருக்கிறது. செயின் மேலும் கீழுமாக 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும். தினமும் 120 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது நல்லது. ஓட்டும்போது பிரேக் பெடலில் காலை வைத்துக்கொண்டே போகும் பழக்கம் பலருக்கு உண்டு. அவர்களுக்கே அது தெரியாது. ஆக்சிலேட்டரை ஒரு கை முறுக்குகிறது, ஒரு கால் இழுத்துப் பிடிக்கிறது.

ஏர் ஃபில்டரில் தூசி அடைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலையும் காலத்தில் மாற்ற வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டுமானால் எஞ்சினை அணைத்துவிடலாம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது பழைய பழக்கம். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. எஞ்சினுக்கு அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி இருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக விட்டால் அந்தக் கருவி பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆக, நியூட்ரலில் லாபம் இல்லை. எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் போய்விடும்.

பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும், டேங்கில் மாத்திரை போட்டால் கூடும் என்று விற்பவர்கள் உண்டு. அதற்குக் கொடுக்கும் காசு வீண். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், கூடக் கிடைக்கும் என்பார்கள். பங்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது. அங்கே காலைக்கும் மாலைக்கும் சூடு அதிகம் மாறாது. அளவில் சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள். முத்திரையிட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொரு விஷயம். 2025-இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நடைமுறைக்கு வந்தது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுப்பது எத்தனால். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்குகிறது. அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டியானால் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

துமகூருத் தொழிலாளிக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. அதே பட்டறைக்குப் போகும் பக்கத்துத் தெருக்காரரைப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். மைலேஜ் சிறிது குறையும். ஆனால் செலவு இருவருக்கும் பாதி. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். துமகூருவிலிருந்து யஷ்வந்த்பூருக்கு ரயிலும் உண்டு. மாதப் பாஸ் எடுத்தால் பெட்ரோல் செலவில் சிறு பகுதிதான் ஆகும். பகல் ஷிப்ட் கிடைக்கும் மாதங்களில் ரயில், இரவு ஷிப்டில் வண்டி என்று மாற்றிப் போகிறவர்கள் நோட்டில் இரண்டு கணக்கையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.