வீட்டுக்குள் நடக்கும் முதியோர் துன்புறுத்தல்

முதியோர் துன்புறுத்தல் என்றதும் அடி உதைதான் நமது நினைவுக்கு வரும். அவுஸ்திரேலியக் குடும்ப ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வைப் பார்த்தால், அடி அதில் ஒரு சிறு பங்குதான்.

ஆய்வை முன்னின்று நடத்தியவர் ரே கஸ்பியூ. மணமுறிவுக்குப் பின் பிள்ளைகளின் பராமரிப்பு, 2006ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத் திருத்தங்களின் விளைவு, குடும்ப வன்முறை எனப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பின்னர் முதியோர் பக்கம் திரும்பியவர்.

முதியோர் இல்லங்களுக்கு வெளியே வாழும், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 7,000 பேரிடம் கேட்டார்கள். முந்தைய ஓராண்டில் துன்புறுத்தலுக்கு ஆளானோர் 14.8 சதவீதம். உடல்ரீதியானது 1.8 சதவீதம்; ஏச்சு, அவமதிப்பு, மிரட்டல் போன்ற மனரீதியானது 11.7. துன்புறுத்தியவர்களில் முதலிடம் பெற்ற பிள்ளைகளுக்கே! ஆளானவர்களில் பத்தில் ஆறு பேர் உதவி தேடவில்லை.

நமது வீடுகளில் இதற்குத் துன்புறுத்தல் என்று பெயரே இல்லை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க அழைத்துவந்த அம்மாவின் வங்கி அட்டை மகனிடம், பாஸ்போர்ட் மருமகளிடம். "எல்லாம் அவவின்ர நன்மைக்குத்தானே" என்கிறோம். ஊர்க்காணி விற்ற காசு எங்கே என்று அவர் கேட்டால் இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சில்லை.

மருத்துவரிடம் மகனே மொழிபெயர்த்தால் அம்மா எப்படி வாய் திறப்பார்? தமிழ் மொழிபெயர்ப்பாளரை 131 450 மூலம் கேட்கலாம். முதியோர் துன்புறுத்தல் பற்றிய ஆலோசனைக்கு 1800 353 374. உடனடி ஆபத்தென்றால் 000.