மின்விளக்கின் கீழ் நம் தோல்

புலம்பெயர்ந்த நாட்டில் நமது வாழ்வின் பெரும்பகுதி மின்னொளியின் கீழேயே கழிகின்றது. மாரியில் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு, இருண்டபின் வீடு திரும்புகின்றோம். நிலவறைச் சமையற்கூடத்தில் நமக்குச் சூரியனாய் இருப்பது மின்விளக்கே. இவ்வொளி உடலுக்குத் தீங்கு செய்யுமா என்ற ஐயம் நம்மிடையே எழுவது இயல்பே.

அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியும் ஒளியையன்று. சில விளக்குகளிலிருந்து வெளிவரும் புற ஊதாக் கதிர்களையே. இலங்கையில் விஞ்ஞானம் பயின்றோர் இவற்றைக் கழியூதாக் கதிர்கள் என அறிவர். ரியூப் லைற்றினுள் இரச ஆவி முதலில் வெளியிடுவது இக்கதிர்களையே. குழாயின் உட்பூச்சு அவற்றை வெண்ணொளியாக மாற்ற, எஞ்சியவற்றிற் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடுகின்றது.

இக்கதிர் தோலின் கலத்தை அடைந்தால், டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். எழுத்துகள் ஒட்டிய ஏட்டைப் பிழையின்றிப் பிரதி செய்தல் அரிது. ஆயினும் பழுதுற்ற துண்டை வெட்டியகற்றிப் புதிதாக நிரப்பும் ஆற்றல் கலத்துக்கு உண்டு. இதனை விளக்கிய அஸீஸ் சஞ்சார் 2015 இல் இரசாயன நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திருத்தப்படாது சேரும் பிழைகளே தோற்புற்றுநோய்க்கு வழிகோலுகின்றன.

கூரையில் உள்ள சாதாரண விளக்குகளால் பெருங்கேடு இல்லை. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகளில் இக்கதிர் அநேகமாக இல்லை. மூடியற்ற பழைய சுருள் மின்குமிழ்களை மட்டும், 30 சென்ரிமீற்றருக்கு உள்ளே நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாமென 2008 இல் பிரித்தானிய சுகாதாரப் பாதுகாப்பு முகவரகம் அறிவுறுத்தியது.

தோலைக் கறுப்பாக்கும் ஒளிக்கட்டில்களின் நிலை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009 இல் இவற்றைப் புற்றுநோய் உண்டாக்குவன என்ற முதற்பிரிவிற் சேர்த்தது. விழா நாட்களில் நம் பெண்பிள்ளைகள் கைவைக்கும் நகப்பூச்சு உலர்த்தியையும் கவனித்தல் நன்று. கலிபோர்னியாவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களில் 20 முதல் 30 வீதமானவை 20 நிமிட ஒளியிலேயே மடிந்தன. இது மனிதரில் புற்றுநோய்க்குச் சான்றாகாது. எனினும் விரல்நுனி திறந்த கையுறை அணிவதில் நட்டமில்லை.

துப்புரவுத் தொழில் செய்வோர்க்கு ஒரு வார்த்தை. கிருமி கொல்லும் விளக்கு எரியும் அறைக்குள் செல்லாதீர்கள். அது கண்ணையும் தோலையும் சுடும். செயற்கை ஒளிக்கதிர்களின் அபாயத்தை மதிப்பிட்டுத் தொழிலாளரைக் காப்பது முதலாளியின் கடமையென 2006 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை கூறுகின்றது. விளக்கை அணைக்கச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் நாம் அறியாததன்று. ஆயினும், இழந்த வேலையை மீண்டும் தேடலாம். இழந்த உடல்நலத்தை எங்கே தேடுவோம்?