பஸ் வராத ஊர்கள் பஸ் கேட்பது எப்படி?

எங்கள் ஊர் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து ஐந்து கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. பிரதான வீதியில் பஸ்கள் ஓடுகின்றன. எங்கள் கிறவல் வீதிக்குள் காலை எட்டு மணிக்கு ஒன்று வரும். மழை பெய்தால் அதுவும் வராது.

என் பெரியம்மா 2009 இல் ஒரு காலை இழந்தவர். மாதம் ஒருமுறை அவருக்குக் கிளினிக். ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் அங்கே போய்வர ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் அவர் மூன்று நாள் சமைப்பார்.

ஊர்ச் சங்கத்தின் செயலாளரான பிறகுதான் பஸ் ஏன் வருவதில்லை என்று தேடிப் பார்த்தேன். அறிந்ததை எங்களைப் போன்ற ஊர்களுக்காக எழுதுகிறேன்.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. இ.போ.ச. பஸ்ஸின் நேரத்தையும் பாதையையும் பார்ப்பது அந்தந்தச் சாலை. டீசல், சம்பளம், லீசிங் கட்டுப்பணம் எல்லாம் பார்க்கும் தனியார் உரிமையாளர் ஆட்கள் நிற்கும் இடத்துக்குத்தான் போவார். சாலையும் வருமானக் கணக்குப் பார்க்கும்.

மீளக்குடியேறிய எங்கள் ஊர்களில் வீடுகள் குறைவு, அவையும் தூரத் தூர. பஸ் இல்லையென்று இயன்றவர்கள் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள். அதனால் பஸ்ஸுக்கு ஆட்கள் இன்னும் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் முதியவர்கள், உறுப்பிழந்தவர்கள், கணவரை இழந்த பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். பஸ் மிகவும் தேவையானவர்களும் இவர்கள்தான்.

இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. வருமானம் குறைந்த கிராமிய வழித்தடங்களில் பஸ் ஓட்ட, தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ‘கெமி செரிய’ என்ற பெயரில் மானியம் வழங்குகிறது. மாணவர்களுக்கு 2005 இல் தொடங்கிய ‘சிசு செரிய’ சேவை உண்டு. ஊரவர்கள் கேட்காமல் இவை தாமாக வந்து சேர்வதில்லை.

நாங்களும் பல வருடங்களாக “பஸ் விடுங்கோ” என்று மட்டும்தான் கடிதம் எழுதினோம். இம்முறை இரண்டு பிள்ளைகள் ஒரு வாரம் சந்தியில் கொப்பியுடன் இருந்தார்கள். யார், எத்தனை மணிக்கு, எங்கே, எதற்காகப் போகிறார்கள், இப்போது எதில் போகிறார்கள் என்று எழுதினார்கள்.

கணக்கைப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியம். எங்களுக்குத் தேவை புதிய பஸ் அல்ல. எட்டு மணிக்கு வரும் பஸ் ஆறரைக்கு வந்தால் பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போவார்கள், நோயாளர்கள் கிளினிக் நம்பர் எடுப்பார்கள். பின்னேரம் இரண்டு மணிக்குப் பிரதான வீதியால் போகும் ஒரு பஸ் உள்ளே திரும்பி வந்தால் போதும்.

அதைப் பக்கம் ஒன்றில் எழுதி, கொப்பியின் பிரதியை இணைத்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலுடன் சாலைக்கும் அதிகார சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்தோம். வீதிக் குழிகளுக்குத் தனிக் கடிதம். அதை அனுப்ப முன் வீதி யாருடையது என்று விசாரியுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. பிழையான கந்தோருக்குப் போன கடிதம் அங்கேயே கிடக்கும்.

அதுவரை, கிளினிக் நாட்களில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வானை முழுதாக வாடகைக்குப் பிடித்துச் செலவைப் பங்கிட்டோம்.

நாலு மாதத்துக்குப் பிறகு காலை பஸ் ஆறரைக்கு வரத் தொடங்கியது. பின்னேர பஸ் இன்னும் உள்ளே வரவில்லை. பெரியம்மா இப்போது போகும்போது பஸ்ஸில் போகிறார், திரும்பி வருவது ஓட்டோவில்தான். அடுத்த வாரம் பிள்ளைகள் மறுபடி சந்தியில் கொப்பியுடன் இருப்பார்கள். இம்முறை பின்னேரத்தில்.