கோயமுத்தூர் காலண்டருக்கு எத்தனை ஜீன்ஸ் வேணும்?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சிங்காநல்லூர்ல இருந்து பேசறேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம் ஜீன்ஸ். ஸ்லிம் வாங்கறதா, ஸ்ட்ரெயிட் வாங்கறதா, இப்ப எல்லாரும் போடற பேகி வாங்கறதாங்கற கேள்வி. என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: ஸ்டைல் பேரைக் கடைசியாப் பாருங்க. முதல்ல எந்த மாசத்துக்கு வாங்கறோம், அடுத்து என்ன துணி, மூணாவதுதான் கட். இந்த வரிசையில போனா மூணே ஜீன்ஸ்ல வருஷம் முழுக்க ஓட்டிடலாம்.

முதல்ல துணியைப் புரிஞ்சுக்குவோம்

டெனிம்ங்கறது ட்வில் நெசவு. பாவு நூலுக்கு மட்டும் இண்டிகோ சாயம் ஏத்துவாங்க, ஊடை நூல் வெள்ளையாவே இருக்கும். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பினா வெளுப்பாத் தெரியறது அதனாலதான்.

1873-ல லீவை ஸ்ட்ராஸும், ஜேக்கப் டேவிஸ்ங்கற தையல்காரரும் பாக்கெட் மூலையில செம்பு ரிவிட் அடிக்கறதுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. அது உழைக்கற ஆளுங்களுக்கான பேன்ட். கிழியக் கூடாது, அதுதான் தேவை. ஏப்ரல் மாசம் திருச்சி ரோட்டு சிக்னல்ல வண்டியில நிக்கறவனை நினைச்சு யாரும் அதைச் செய்யல. அந்தக் கணக்கை நாமதான் போட்டுக்கணும்.

டெனிம் எடையை அவுன்ஸ்ல சொல்லுவாங்க. ஒரு சதுர கெஜம் துணி எத்தனை அவுன்ஸ்ங்கறது கணக்கு. நம்ம பக்கத்துல டி-ஷர்ட்டை ஜிஎஸ்எம் கேட்டு வாங்கற ஆளுங்க நிறையப் பேர் இருக்காங்க, அவங்களுக்காக: 1 அவுன்ஸ்னா சுமார் 34 ஜிஎஸ்எம். 12 அவுன்ஸ் ஜீன்ஸ் 400 ஜிஎஸ்எம்முக்கு மேல வரும். 180 ஜிஎஸ்எம் டி-ஷர்ட் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டதை விடக் கனம். 8 அவுன்ஸ்னா 270 சொச்சம். வெயில்ல இந்த வித்தியாசம் தொடையில தெரியும்.

நம்ம ஊரு மாசங்கள்

மார்ச்ல இருந்து மே வரைக்கும் வெயில். பகல்ல 35, 36 டிகிரி சாதாரணம். இதுக்கு 7-லிருந்து 9 அவுன்ஸ், முழுப் பருத்தி அல்லது பெரும்பங்கு பருத்தி, வெளிர் நிறம். கட் ஸ்ட்ரெயிட் அல்லது ரிலாக்ஸ்டு. தொடைக்கும் துணிக்கும் நடுவுல காத்து போகணும். இது வெறும் சௌகரியம் மட்டும் இல்லீங்க. இறுக்கமான ஜீன்ஸ், வேர்வை, மணிக்கணக்கா வண்டி சீட், ஆபீஸ் சேர் எல்லாம் சேர்ந்தா தொடையிடுக்குல படர்தாமரை வர வழி பண்ணிக் கொடுத்த மாதிரி. வந்துட்டா மருந்துக்கடையில கேட்டு ஏதோ ஒரு க்ரீம் தடவாதீங்க. அதுல ஸ்டீராய்டு கலந்திருந்தா அப்போதைக்கு அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவிட்டே இருக்கும். தோல் டாக்டரைப் பாருங்க.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்ற ஊர்ல துணி காயறது பிரச்சனையே இல்லை. லேசான சாரல், இதமான வெயில். எந்த கட்டும் போடலாம். ஸ்லிம் பிடிக்கும்னா இதுதான் அதுக்கான நேரம். 10, 11 அவுன்ஸ் போதும்.

அக்டோபர், நவம்பர் ஐப்பசி அடைமழை. நமக்கு வருஷத்துல அதிக மழை இப்பத்தான். கனமான டெனிம் நனைஞ்சா ரெண்டு நாள் ஆனாலும் இடுப்புப் பட்டையும் பாக்கெட்டும் காயாது, வாடை வேற வரும். தரையில இழுபடற பேகி, பூட்கட் எல்லாம் தண்ணியைக் கணுக்காலுக்கு மேல வரைக்கும் உறிஞ்சி ஏத்தும். அதனால கணுக்காலோட நிக்கற டேப்பர்டு கட், சேறு தெரியாத அடர் நிறம். ஆனா புதுசா வாங்கின அடர் நீலத்தை முதல் மழைக்கே போடாதீங்க. இண்டிகோ நூலோட மேல்பக்கம்தான் பிடிச்சிருக்கும், நடுவுக்கு இறங்காது. நனைஞ்சு உரசினா வெள்ளை ஷூவுல ஒட்டும். ரெண்டு மூணு தடவை தனியாத் துவைச்சுட்டுப் போடுங்க.

டிசம்பர், ஜனவரி மார்கழிக் குளிர். 12, 13 அவுன்ஸ் ஜீன்ஸ் சுகமா இருக்கற ரெண்டே மாசம். காலங்காத்தால வண்டி ஓட்டறவங்களுக்கு அருமை. ஆனா ரெண்டு மாசத்துக்காக ஒண்ணுக்கு மேல வாங்காதீங்க.

ஆக, வெயிலுக்கு ஒண்ணு, காத்துக்கும் மழைக்கும் பொதுவா 10 அவுன்ஸ் டேப்பர்டு ஒண்ணு, குளிருக்கு ஒண்ணு.

கடையில என்ன பார்க்கணும்

நிறைய பிராண்ட் அவுன்ஸைப் போடறதில்லை. ஒரே சைஸ்ல ரெண்டை எடுத்து ரெண்டு கையிலயும் தூக்கிப் பாருங்க, எது கனம்னு தெரிஞ்சிடும்.

அடுத்து உள்ளே இருக்கற லேபிள். எலாஸ்டேன் 1, 2 சதவீதம்னா உட்கார எழச் சுலபம். அதுக்கு மேல ஏற ஏற துணி உடம்போட ஒட்டும், கொஞ்ச நாள்ல முழங்கால்ல தொங்கவும் ஆரம்பிக்கும். பொண்ணுங்க ஜீன்ஸ்ல இது கூடுதலா இருக்கும், கட்டாயம் பாருங்க. பாலியெஸ்டர் நிறைய இருந்தா வேர்வையை உறிஞ்சாது, வெயிலுக்கு வேண்டாம்.

ட்ரையல் ரூம்ல நின்னு கண்ணாடி மட்டும் பார்க்காதீங்க. குத்த வெச்சு உட்காருங்க. வண்டியில உட்கார்ற மாதிரி காலை மடக்குங்க. போனைப் பாக்கெட்ல வெச்சுப் பாருங்க. நீளத்தைக் குறைக்கணும்னா ஒரு தடவை துவைச்சுக் காயவெச்ச அப்புறம் டெய்லர்கிட்டக் கொடுங்க. பருத்தி சுருங்கும், முதல்லயே வெட்டிட்டா திரும்ப வராது.

கணக்கு

2,400 ரூபா ஜீன்ஸை வருஷத்துல 4 மாசம், வாரம் ரெண்டு தடவைன்னு 3 வருஷம் போட்டா சுமார் 100 தடவை. ஒரு தடவைக்கு 24 ரூபா. ஆஃபர்ல 900-க்கு எடுத்து, உறுத்துதுன்னு 10 தடவையோட பீரோவுல போட்டா ஒரு தடவைக்கு 90 ரூபா. எது சீப்புன்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொரு கணக்கு தண்ணி. நம்ம சிங்காநல்லூர் குளம் நொய்யல் ஆத்தை நம்பினது. அதே ஆறு கீழ திருப்பூர் பக்கம் சாயக்கழிவால கெட்டு, 2011 ஜனவரியில சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போடற வரைக்கும் போச்சு. அது பனியன் துணிக்கான சாயம், டெனிம் இல்லைதான். ஆனா ஜீன்ஸும் ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு ஆத்துத் தண்ணியிலதான் நீலமாகுது. போடாத நாலாவது ஜீன்ஸுக்கும் அதே தண்ணி செலவாகியிருக்கு.

இருக்கறதை நீடிக்க வைக்கறதும் சுலபம். ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டியதில்லை. வேர்த்து நனைஞ்சிருந்தா மட்டும் உடனே துவைங்க. உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணியில போட்டு, நிழல்ல காயவைங்க. ஸ்ட்ரெச் இருக்கற துணியில சூடான அயர்ன் பாக்ஸை அழுத்தாதீங்க, எலாஸ்டேன் செத்துடும்.

இந்த வாரம் புதுசா எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி பீரோவைத் திறந்து, இருக்கற ஒவ்வொரு ஜீன்ஸுக்கும் ஒரு மாசத்தோட பேரை வைங்க. எந்த மாசத்துக்கு ஆள் இல்லையோ அதுக்கு மட்டும் கடைக்குப் போங்க. அவ்ளோதானுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.