முகத்தில் ஊதுகிறவனும் மூலையில் நிற்கிறவனும்

பஸ் நிறுத்தத்தில் ஒருவன் நிற்கிறான். கையிலே பேனாவைப் போன்ற ஒரு குழாய். உறிஞ்சுகிறான், மறுகணம் வெள்ளை மேகம் ஒன்று கிளம்பி, பக்கத்தில் குழந்தையோடு நிற்கும் தாயின் முகத்திலே மோதுகிறது. மாம்பழ வாடை. அவள் முகம் சுளிக்கிறாள். "இது புகையல்ல, வெறும் ஆவி!" என்கிறான் அவன், ஏதோ தர்மம் செய்துவிட்டவனைப் போல!

இங்கிலாந்து நகரங்களிலே இது அன்றாடக் காட்சி. தோழர்களே, அந்த மேகக்காரனைப் பற்றி மட்டும் நாம் பேச வரவில்லை. அவனால் அவப்பெயர் சுமக்கும் இன்னொருவனைப் பற்றியும் பேசவேண்டும். இருபது ஆண்டு சிகரெட் பிடித்து, இருமி இருமி, மூன்று முறை விட்டுப் பார்த்துத் தோற்று, கடைசியில் இந்த மின் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு கரையேறியவன் அவன். கிடங்கிலே மூட்டை தூக்குகிறவன். கட்டடத்திலே செங்கல் அடுக்குகிறவன். பிரிட்டனில் சிகரெட் அதிகம் எரிவது உடலுழைப்பாளரின் விரல்களுக்கிடையில்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2024-ல் அங்கே மின் சிகரெட் பிடிக்கும் வயதுவந்தோர் ஏறத்தாழ 56 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிகரெட்டைக் கைவிட்டவர்கள்.

"ஊதுகிறவன் எவனாயிருந்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே?" என்பர் சிலர். ஒன்றல்ல. சிகரெட் எரிகிறது, எரிவதால் தாரும் கரியமில நச்சும் பிறக்கின்றன. பிடிப்பவன் இழுக்காத நேரத்திலும் அது விரலிடுக்கில் புகைந்துகொண்டே இருக்கிறது. மின் சிகரெட்டில் எரிவது எதுவுமில்லை. பேட்டரியின் சூட்டிலே கிளிசரினும், புரொப்பிலீன் கிளைக்காலும், நிக்கோடினும், வாசனைச் சரக்கும் கலந்த திரவம் ஆவியாகிறது. ஊதினால்தான் வெளியே வருகிறது. 2015-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, சிகரெட்டைவிட இது 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று மதிப்பிட்டது. அந்தக் கணக்கைச் சில மருத்துவர்கள் அன்றே மறுத்தார்கள், சர்ச்சை நடந்தது. ஆயினும் சிகரெட்டை முழுவதும் விட்டு இதற்கு மாறுகிறவனுக்கு நன்மையே என்ற நிலையிலிருந்து அந்நாட்டுச் சுகாதாரத் துறை நகரவில்லை. 2023-ல், பத்து லட்சம் புகைஞர்களுக்கு இதை இலவசமாகவே தரும் திட்டத்தையும் அரசாங்கம் அறிவித்தது.

தீங்கு குறைவு என்பது வேறு, தீங்கே இல்லை என்பது வேறு. "வெறும் ஆவி" என்று சொன்னானே, அது தவறு. அந்த ஆவியிலே நிக்கோடின் இருக்கிறது. அதைச் சுவாசிக்க அந்தத் தாய் சம்மதம் தந்தாளா?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2007 ஜூலை 1-ம் நாள் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களிலே புகைக்கத் தடை வந்தது. அச்சட்டம் எரியும் பொருளைப் பற்றியது. எரியாத இந்தக் குழாய் அதில் அகப்படவில்லை. ஆகவே மதுக்கடைக்காரர், ரயில் கம்பெனி, ஆலை முதலாளி என்று அவரவர் இடத்துக்கு அவரவரே விதி எழுதினார்கள். லண்டன் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் கூடாது. சில மதுக்கடைகளில் கூடும், சிலவற்றில் கூடாது. சட்டம் வாய்மூடி இருக்கும் இடத்திலே மரியாதைதான் பேசவேண்டும். அங்கேதான் மேகக்காரன் காரியத்தைக் கெடுக்கிறான்.

மேகம் பெரிதாக வருவது தற்செயலும் அல்ல. கிளிசரின் மிகுந்த திரவம், மின்தடை குறைந்த கம்பிச் சுருள், வலுத்த பேட்டரி — இவற்றைத் தேடி வாங்கி, யார் மேகம் பெரிது என்று போட்டி நடத்தும் கூட்டமே உண்டு. போட்டி மண்டபத்தில் அதைச் செய்யட்டும், நமக்கென்ன! மின்தூக்கியிலும், சாப்பாட்டு மேசையிலும், தீ எச்சரிக்கைக் கருவியின் அடியிலும் எதற்கு? மருந்தாக இதைப் பிடிக்கிறவனுக்குச் சிறு குழாயே போதும். அதிலே கிளம்பும் ஆவியும் சிறிது. அவன் "பிடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பிடிக்கிறான். வேண்டாம் என்றால் வெளியே போகிறான். அவனை எவரும் கவனிப்பதில்லை, கவனிக்கப்படுகிறவன் மற்றவன்தான்! அவனை வைத்தே ஊர் எல்லோரையும் அளக்கிறது.

இந்தப் பெயர்க்கேட்டில் கம்பெனிகளின் பங்கு சாமானியமானதல்ல. சீன மருந்தியலாளர் ஹான் லிக், தாமே சிகரெட்டுக்கு அடிமையாயிருந்தவர், 2003-ல் இக்கருவியை உருவாக்கினார். சிகரெட்டுக்கு மாற்று தேடிச் செய்த கருவி அது. லாபம் புகுந்தபின் என்னவாயிற்று? அமெரிக்காவின் ஜூல் கம்பெனி இளைஞர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தது என்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் விசாரித்து, 2022-ல் 43 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொள்ள வைத்தன. பிரிட்டனிலோ மிட்டாய் நிறத்திலே, மிட்டாய் வாடையிலே, ஒருமுறை ஊதி எறியும் குழாய்கள் குவிந்தன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு விற்கக்கூடாது என்ற விதி 2015 முதலே இருந்தும், அவை பள்ளிப் பைகளுக்குள் புகுந்தன. 2023-ல் வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் குழாய்கள் எறியப்பட்டன என்பது கணக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி! குப்பை லாரியிலே நசுங்கித் தீப்பிடித்தால் உயிருக்கு அஞ்சி ஓடுகிறவன் யார்? ஊதி மகிழ்ந்தவனா, துப்புரவுத் தொழிலாளியா? 2025 ஜூன் 1 முதல் அவ்வகைக் குழாய்களின் விற்பனைக்குத் தடை வந்தது. நல்லதே.

நம் நாட்டில் 2019-ல் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை யாவும் தடுக்கப்பட்டன. பெட்டிக்கடைச் சிகரெட் மட்டும் பழையபடி விற்கிறது. இந்த நியாயத்தை இன்னொரு நாள் பேசுவோம்.

அவப்பெயரால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னும் சிகரெட் பிடிக்கிறவனுக்குத்தான் நஷ்டம். பிரிட்டனின் புகைஞர்களிலே பாதிப்பேர், மின் சிகரெட்டும் அதே அளவு அல்லது அதைவிட அதிகக் கேடு என்று நம்புவதாக 2024-ன் கணக்கெடுப்பு காட்டுகிறது. பிறகு அவன் ஏன் மாறுவான்? "எது பிடித்தாலும் சாவுதான்" என்று பழைய பெட்டியையே திறக்கிறான்.

வேலைத்தலத்தில் நடப்பதையும் பாருங்கள். சிகரெட்டை விட்டு ஆறு மாதமான தொழிலாளியை, "நீயும் அங்கே போய் ஊது" என்று புகைபிடிப்போர் கொட்டகைக்கு விரட்டுகிறார்கள். அங்கே பழைய நண்பர்கள், பழைய வாடை, நீட்டப்படும் பெட்டி! குடியை விட்டவனைக் கள்ளுக்கடையிலே மோர் குடிக்கச் சொல்வது போன்ற காரியம். 2016-லேயே அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை நிர்வாகிகளுக்கு எழுதியது: இரண்டையும் ஒன்றாக்காதீர்கள், இவர்களைப் புகைப்போருடன் ஒரே இடத்தில் நிற்கக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று. பிடிக்காதவர்களுக்குத் தொல்லை வராமலும், குழந்தைகள் இதைப் பழகாமலும் விதி செய்யுங்கள் என்றும் அதே அறிக்கை கூறியது. தனியாக ஓர் ஒதுக்கிடம் அமைக்க நிர்வாகத்துக்குப் பெரிய செலவில்லை. எனினும் எத்தனையோ வாசல்களில் இன்றும் தொங்குவது ஒரே பலகைதான்: சிகரெட்டின் படமும் குழாயின் படமும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டின்மேலும் ஒரே சிவப்புக் கோடு.