காரின் மூளைக்குள் ஒரு பொய்!

குட்டீஸ்... காருக்கு மூளை உண்டா? உண்டு! உள்ளங்கையை விடச் சற்றே பெரிய ஒரு பெட்டி தான் அது. இன்ஜின் கட்டுப்பாட்டுக் கருவி என்று பெயர். மெக்கானிக்குகள் சுருக்கமாக, 'இ.சி.யு.,' என்பர்.

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, ஓட்டுனர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார் என்று சென்சார்கள் இதற்குச் சொல்லிக் கொண்டே இருக்கும். உடனே, தன் நினைவகத்தில் உள்ள எண் அட்டவணையைப் பார்த்து, 'இப்போது இவ்வளவு டீசல்' என்று கட்டளை இடும். வாய்ப்பாட்டைப் பார்த்து நீங்கள் விடை எழுதுவது போலத் தான்!

அந்த அட்டவணையைப் படிக்க முடியுமா?

முடியும். ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். 'புரோகிராமர்' என்ற கருவியை அதில் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் இணைப்பர். இ.சி.யு., சும்மா கதவைத் திறக்காது. ஒரு எண்ணைக் கொடுத்து, புதிர் போடும். சரியான விடை எண் வந்தால் தான் உள்ளே விடும். சில வகைகளில், பெட்டியையே கழற்றி, மேஜை மேல் வைத்துத் தான் படிக்க முடியும்.

உள்ளே இருக்கும் எண்கள் லேப்டாப்புக்கு நகலாகும். அந்த நகலைப் பத்திரப்படுத்துவது தான், தொழில் தெரிந்தவர் செய்யும் முதல் வேலை!

எழுதுவது தான் ஆபத்தானது. முதலில் பழைய எண்கள் அழியும். பிறகு தான் புதியவை ஏறும். பாதியில் பேட்டரி இறங்கினால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கார் கிளம்பாது! அதனால், எழுதும்போது சார்ஜர் மாட்டி வைப்பர்.

இன்னொரு காவலும் உண்டு. 7, 5, 9 என்று எழுதினால், கடைசியில் கூட்டல் 21 என்றும் எழுத வேண்டும். ஒரு எண்ணை மாற்றிவிட்டு கூட்டலை மாற்ற மறந்தால், பல இ.சி.யு.,க்கள் கண்டுபிடித்து விடும். இதற்கு, 'செக்சம்' என்று பெயர்.

ஆனால், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், எழுதியதே பொய்யாக இருந்தால்?

அப்படியும் நடந்தது. கார்ப் புகையைச் சோதிக்க, காரை உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுவர். சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் திரும்பாது. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனத்து டீசல் கார்களில் இருந்த மென்பொருள், இதை வைத்தே, 'ஓஹோ, சோதனை நடக்கிறது' என்று தெரிந்து கொள்ளும். உடனே நல்ல பிள்ளையாகி, புகையைக் குறைக்கும். சாலைக்கு வந்ததும் பழைய குறும்பு!

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2013ல் கருவிகளைக் காரிலேயே ஏற்றி, சாலையில் ஓட்டி அளந்தனர். லாஸ் ஏஞ்சல்சிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினர். அந்தக் குழுவில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த அரவிந்த் திருவேங்கடம்! ஆய்வகக் கணக்கும் சாலைக் கணக்கும் ஒத்துப் போகவே இல்லை.

செப்டம்பர் 18, 2015ல் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு உண்மையை அறிவித்தது. அங்கு ஓடிய கார்கள், நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடை, அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை கக்கியிருந்தன. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

எப்படித் திருத்தினர் தெரியுமா? ஐரோப்பாவில் 2 லிட்டர் இன்ஜின் கார்களுக்கு, இ.சி.யு.,வில் புதிய மென்பொருளை எழுதினர்; சுமார் அரை மணி நேர வேலை. பொய் எழுதிய அதே இடத்தில், திருத்தமும் எழுதப்பட்டது!

அடுத்த முறை ஒர்க் ஷாப்பில் யாராவது காரில் லேப்டாப்பை இணைத்தால், பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். ஆனால், எழுதி முடியும் வரை, கார் சாவியைத் தொட்டு விடாதீர்கள்!